எட்டாவது கட்டம்

கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லச் சொன்னீர்கள், மேடம்.
ஆமாம், கையெழுத்து என்னுடையது.
மே பதினெட்டு, காலை ஆறு ஐம்பது.
எட்டுக் கட்டம், எட்டு டிக்,
கீழே ச. தவநேசன், ஃபிட்டர்.
மசி கொஞ்சம் பரவியிருக்கும்.
ஊட்டியில் அந்த மாதம் காகிதம் காய்வதே இல்லை.

ஏழு பார்த்தேன்.
பிரேக் கட்டை, மோட்டார் பெல்ட்,
ஆறு வரிசைக்கும் மடிக்கம்பி.
ஒவ்வொன்றிலும் என் முழு எடையைப் போட்டுத் தொங்கினேன்.
அடித்தளத்து போல்ட்டுகளைச் சுத்தியலால் தட்டினேன்.
இறுகிய போல்ட் மணி மாதிரிப் பேசும்,
தளர்ந்தது சளி பிடித்தவன் மாதிரி.
அன்று எல்லாம் மணி.

எட்டாவது மேலே இருக்கிறது.
கொலம்பஸ் கப்பல் தொங்குகிற அச்சு,
அச்சின் நுனியில் நட்டு,
நட்டு கழலாமல் குறுக்கே ஓர் ஊசி.
சுண்டுவிரல் நீளம்,
ஒரு டீயை விட விலை குறைவு.
இருபத்தாறு அடி உயரம்.
மூட்டத்தில் எனக்குக் கப்பலே பாதிதான் தெரிந்தது.

ஏணி வைத்தாலும் எட்டாது என்பார்கள்.
ஏணி வைத்தால் எட்டும், மேடம்.
வைத்து ஏறியிருக்கிறேன்.
அன்று ஏணி இல்லை.
மலர்க் கண்காட்சிக் கூட்டத்தை வரவேற்க
வாசலில் பேனர் கட்டக் கொண்டுபோயிருந்தார்கள்.
பெள்ளிராஜை அனுப்பினேன்,
வெறுங்கையோடு வந்தான்.
அதற்குள் கரூர் வண்டியும் திருச்சூர் வண்டியும்
கேட்டுக்கு வெளியே ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன.

"நேத்து இருந்த ஊசி ராத்திரில எங்க போகும்?"
இது மேனேஜர் வின்சென்ட் சொன்னது.
எழுத வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.
அவர் என் கையைப் பிடித்து எழுத வைக்கவில்லை.
மணிக்கட்டை ஒரு வெட்டு வெட்டினால் டிக்.
ஏறவும் வேண்டாம், இறங்கவும் வேண்டாம்.

மாலை நாலு பத்துக்கு
இடது கை ஒரு சாண் இறங்கியது.
சத்தம் முதலில் வந்தது.
முன்வரிசை ஓரத்தில் கரூர்ப் பையன், ஒன்பது வயது.
அவனுடைய மடிக்கம்பி திறக்கவில்லை.
அதை நான் பார்த்திருந்தேன்.
மணிக்கட்டு மட்டும் பக்கத்தகட்டில் அடிபட்டு
இரண்டு இடத்தில்.

ஆஸ்பத்திரிக்குப் போனேன்.
அவன் அம்மா திட்டுவார் என்று நினைத்து
வார்த்தைகளை அடுக்கிக்கொண்டு போயிருந்தேன்.
நீங்கதான் டிரைவரா என்றார்.
இல்லம்மா, நான் பார்க்கிறவன் என்றேன்.
அவருக்குப் புரியவில்லை.
விளக்கிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

போன டிசம்பரில் ஓர் அதிகாரி வந்தார்.
நீங்கள் இல்லை, உங்களுக்கு முன்னால் இருந்தவர்.
சீசன் இல்லை, கப்பல்மேல் தார்ப்பாய்.
எடுக்கச் சொல்லவில்லை.
அந்தச் சான்றிதழ்
கவுன்ட்டரில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது,
கண்ணாடி தினமும் துடைக்கிறார்கள்.
முதலாளி கோயம்புத்தூரில்.
பதிவேட்டில் அவருக்குக் கட்டம் கிடையாது.
ஃபிட்டருக்கு மட்டும்தான்.

சரி, அவ்வளவுதானா?
போடுகிறேன், பேனா கொடுங்கள்.
இல்லை,
முதலில் படித்துவிடுகிறேன்.
நான்கு பக்கம்தானே. நேரமாகும், மன்னியுங்கள்.
இனி பார்க்காமல் போடுவதில்லை.

மேடம், இரண்டாம் பக்கம்.
"பதினெட்டாம் தேதி ஏணி இல்லாததால்"
என்று எழுதியிருக்கிறீர்கள்.
அது உண்மை.
நான் கடைசியாக மேலே ஏறியது ஒன்பதாம் தேதி.
பத்திலிருந்து பதினான்கு வரை மழை,
அதையும் சொல்லலாம்.
பதினைந்து, பதினாறு, பதினேழு,
மூன்று நாளும் நல்ல வெயில்.
ஏணி ஷெட் சுவரில்தான் சாய்ந்திருந்தது.
நான் அதைத் தாண்டித்தான் டீ குடிக்கப் போனேன்.

அது இதில் விடுபட்டிருக்கிறது.
சேர்த்துக் கொடுங்கள்.
பிறகு போடுகிறேன்.